டிரைவருக்கு ஒரு பிராசசர்

பிப்ரவரி 9

கிளீனருக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே சண்டை வந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான்தான் பாதியில் வைத்தேன். அதற்காக வருத்தப்படவில்லை. இனிமேல் பேச வேண்டாம், எழுதுவோம். கோபத்தைத் தபாலில் போட்டால் போய்ச் சேருவதற்குள் பாதி ஆறிவிடும். மீதியை நீ வைத்துக்கொள்.

ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனாய். வருஷம் முடிந்து, வேலைக்குச் சேரும்போது கொடுத்த சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்கப் போனால், இன்னும் ஒரு வருஷம் வேலை பார்த்தால்தான் தருவோம் என்கிறார்கள். நீயும் தலையாட்டிவிட்டு வந்து, "இன்னும் ஒரு வருஷம்தானே" என்று எனக்குப் போன் செய்கிறாய். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நீ படித்து வாங்கிய காகிதத்தைப் பூட்டி வைத்திருக்கிறவன் உனக்கு முதலாளி. அவனிடம் குரலே வரவில்லை. என்னிடம் மட்டும் நன்றாக வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் செத்துவிட்டது. ஒரு வாத்தியாரின் பாட வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் பாதிக் கணக்கு போட்டவர் அப்படியே கையைத் தூக்கியபடி நின்றுவிட்டார். கூடவே ஒரு கருகல் வாடை. தெருமுனைக் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, மதர்போர்டு போய்விட்டது, இந்தப் பழைய பிராசசருக்கு இனிமேல் போர்டு கிடைக்காது, இரண்டையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றார். அத்தை வாசலில் நின்று, "என்னம்மா, டாக்டர் கையை விரிச்சுட்டாரா?" என்று கேட்டார். உன் அம்மாவுக்கு என்னைவிட அந்தப் பெட்டி மேல் பாசம்.

கடைக்காரர் இரண்டு பிராசசர் சொல்கிறார். ஒன்றில் பதினாறு கோர், உள்ளே பதினாறு பேர் சேர்ந்து வேலை செய்கிற மாதிரி. வீடியோ வேலைக்கு நல்லதாம். இன்னொன்றில் எட்டு கோர்தான், ஆனால் தலைமேல் கூடுதலாக மெமரி ஒட்டியிருக்கிறதாம், கேமுக்கு அதை அடிக்க ஆள் இல்லையாம். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. "உங்க வீட்டுக்காரர் இதே வேலைதானே பாக்குறாரு, அவரையே கேளுங்க" என்றார். வீட்டில் இல்லாத வீட்டுக்காரரைக் கேட்கிறேன்.

டிஸ்க் பிழைத்துக்கொண்டது. கேமில் நம் லாரி நீ கிளம்பின அன்று நிறுத்திய இடத்திலேயே, மலையடிவாரத்து டோல்கேட்டில் நிற்கிறது. நான் அதற்கப்புறம் தொடவில்லை. கீபோர்டு எனக்கு, மவுஸ் உனக்கு என்று பழகிவிட்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கும் இன்னொரு கையால் வேடிக்கையும் பார்க்க எனக்கு வரவில்லை.

இரண்டையும் சோதித்துச் சொல். எனக்கு எது? நமக்கு எது? இரண்டு கேள்வி. தனித்தனியாகப் பதில் வேண்டும்.

டிரைவர்

*

பிப்ரவரி 16

டிரைவர் அம்மாவுக்கு,

கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். பாதி ஆறும் என்றாய். இன்னும் கொதிக்கிறது. தபால்காரர் ஓடி வந்திருப்பார்.

சான்றிதழ் விஷயத்தை விடு. இங்கே எல்லோருக்கும் அப்படித்தான். கேட்டால் மட்டும் என்ன ஆகப்போகிறது?

சோதனை அறையைப் பற்றி உனக்குச் சொன்னதே இல்லை. நீளமான மேசைகள். கம்ப்யூட்டர்களுக்குச் சட்டை கிடையாது, போர்டு, மின்விசிறி, வயர் எல்லாம் திறந்த மேனிக்குக் கிடக்கும். ஏசியைக் குறைக்கக் கூடாது. நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடப்போம், பிராசசர்களுக்கு வியர்க்காமல் பார்த்துக்கொள்வோம். போனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். நாங்கள் போடும் அட்டவணைதான் எல்லா ஊர்க் கடைகளிலும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்.

உனக்காக இரண்டையும் ஓட்டினேன். அட்டவணை இத்துடன். சுருக்கமாகச் சொன்னால், நம் லாரி கேமில் எட்டு கோர் காட்டுவது நொடிக்கு 75 படம், பதினாறு கோர் 74. கேமில் இரண்டும் ஒன்றுதான். ஒரு பாட வீடியோவை முழுதாக எடுத்துக் கொடுக்கப் பதினாறுக்குப் பத்து நிமிஷம், எட்டுக்குப் பதினேழு. மெயில், கணக்கு, இணையம் என்று அன்றாட வேலையில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் கிடையாது.

ஆகவே பதினாறை வாங்கு. உனக்கும் அதுதான். நமக்கும் அதுதான்.

நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை. அம்மாவிடம் சொல்லு.

கிளீனர்

*

பிப்ரவரி 23

கிளீனருக்கு,

எழுபத்துநாலு, எழுபத்தைந்து. உன் அட்டவணையில் இரண்டு பட்டையும் பள்ளிக்கூட வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி ஒரே உயரம். யாரை ஏமாற்றுகிறாய்?

படத்தின் அளவை உச்சத்தில் வைத்து ஓட்டியிருக்கிறாய். அப்போது பாரம் முழுவதும் கிராபிக்ஸ் கார்டு தலையில். அது மூச்சு வாங்கும்போது பிராசசர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சும்மா உட்காருவதில் எட்டென்ன, பதினாறென்ன? இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். "படத்தைச் சின்னதாக்கு, அப்பதான் பிராசசரோட லட்சணம் வெளிய வரும்" என்று ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கிறாய்? நீ பேசப் பேச நான் வண்டியைப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறேன்.

அதை விடு. நம் வீட்டு மானிட்டர் பழசு. நீ வைத்த அளவை அது காட்டவே காட்டாது. ஓரத்தில் கோடு விழுந்த அந்த மானிட்டர் உனக்கு மறந்துவிட்டதா? இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்பதே மறந்துவிட்டதா?

இது கடைக்கு வருகிறவனுக்குக் கொடுக்கிற அட்டவணை. எனக்கு ஏன் கொடுத்தாய்?

"நான் நன்றாக இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதையும் இதே மேசையில்தான் சோதித்தாயா?

இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சென்டரில் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து வேலை செய்கிறேன். பத்து நாற்காலி, ஒரு ஜன்னல். நாங்கள் எல்லோரும் ஒரே கம்பெனிக்குத்தான் வீடியோ வெட்டுகிறோம். முடித்த நிமிஷத்துக்குத்தான் கூலி. மெஷின் திணறுகிற நேரம் எங்கள் கணக்கு. எனக்கு நிஜம் வேண்டும். இரண்டு கேள்விக்கும்.

டிரைவர்

*

மார்ச் 3

உனக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் மேனேஜருக்குப் பட்டை சார் என்று பெயர் வைத்திருக்கிறோம். கிடங்கில் பதினாறு நிறையத் தேங்கியிருக்கிறது. கேம் ஆடுகிறவர்கள் எல்லோரும் எட்டையே கேட்கிறார்கள். ஆகவே பட்டை சார் எங்கள் பின்னால் வந்து நின்று, "கேம்ல சமம், வேலையில மேல. அட்டவணை அப்படித்தான் வரணும். பொய் எழுதச் சொல்லலப்பா, செட்டிங்க மட்டும் பாத்து வைங்க" என்பார். அவர் சொல்வது சரிதான். அதில் ஒரு எண்கூடப் பொய் இல்லை. கேள்விதான் பொய்.

ஆனால் உனக்குச் சோதித்த அன்று என் பின்னால் யாரும் நிற்கவில்லை. நீ கேட்கிறாய் என்று ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். கை தானாகப் போய் அந்த செட்டிங்கை வைத்தது. அச்சடித்து, மடித்து, உறையில் போட்டு ஒட்டும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. வேண்டுமென்று ஏமாற்றியிருந்தால்கூட இத்தனை பயம் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாதபோது மறுபடியும் ஓட்டினேன். நம் மானிட்டரின் அளவில், கோடு விழுந்த ஓரத்தையும் கழித்துக்கொள். மலைப் பாதையில் எட்டு 140, பதினாறு 120. உன் மானிட்டர் நொடிக்கு அறுபது படத்துக்கு மேல் காட்டாது, அதில் இரண்டும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டுதான் போகும். ஊருக்குள் நுழைந்தால்தான் கதை மாறுகிறது. கடைத்தெரு, சிக்னல், நூறு வண்டி, நடக்கிற ஜனம். எட்டு 96-இல் அசையாமல் நிற்கிறது. பதினாறு சராசரியில் 70 காட்டினாலும், சந்தை முக்கில் திரும்பும்போது 25-க்குச் சரிகிறது. படம் ஒரு கணம் பிடித்துக்கொள்ளும். நீ பிரேக்கை அழுத்துவாய், முன்னால் போகிற வண்டியில் இடித்த பிறகுதான் அது உனக்குத் தெரியும்.

எட்டுக்கு வேண்டிய சாமான் எல்லாம் கைக்கெட்டும் அலமாரியில் இருக்கிறது. பதினாறு என்பது எட்டு எட்டாக இரண்டு அறை. ஒரு அறையில் இருக்கிறதை இன்னொரு அறைக்குக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வீடியோ வெட்ட அது பிரச்சினை இல்லை, அவரவர் துண்டை அவரவர் செய்துவிடுவார்கள். கேமில் ஒவ்வொரு கணமும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பதில்: உனக்குப் பதினாறு. நமக்கு எட்டு.

நான் நன்றாக இல்லை. எட்டுப் பேர் ஓர் அறை. எனக்கு மேல்கட்டில், திரும்பிப் படுத்தால் விட்டம் மூக்கில் இடிக்கும். அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். சோதனைக்கு லாரியை நாங்கள் ஓட்டுவதில்லை. ஒரே பாதையைப் பதிவு செய்து வைத்திருக்கிறோம், அதுவே ஓடும். டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. ஹாரன் தானாக அடிக்கிறது. நாளெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீ வளைவில் நாக்கைக் கடித்துக்கொள்வாயே, அந்த இடம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

புதிய அட்டவணை இத்துடன். இது உனக்கு மட்டும். யாரிடமும் காட்டாதே.

கிளீனர்

*

மார்ச் 12

என் கிளீனருக்கு,

சீட்டில் யாரும் இல்லை என்ற இடத்தில் மடித்து வைத்துவிட்டேன். சென்டரில் எல்லோரும் பார்த்தார்கள். கண்ணில் தூசி என்று சொன்னேன்.

ஒன்று சொல்ல வேண்டும். திட்டுவதென்றால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு.

பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா. ஒன்பது வருஷமாக வீடியோ வெட்டுகிறவர். சேர்த்து வைத்ததை எல்லாம் போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார். மகனுக்குக் கேம்தான் உயிர், அவன் ஆடுவதற்குத்தான் முக்கியமாக. கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த உங்கள் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "கேம்ல சமமாம், வேலைக்கு மேலாம், அப்ப பதினாறுதானே புத்திசாலித்தனம்?" என்று என்னைக் கேட்டார். எழுபத்துநாலு, எழுபத்தைந்து. அதே பட்டைகள்.

நீ யாரிடமும் காட்டாதே என்று எழுதியது என் கைப்பையில் இருந்தது. எனக்கு நிஜம், ஊருக்குப் பொய் என்றால் நானும் பட்டை சாரும் ஒன்றுதானே? மேலே இருந்த கம்பெனிப் பெயரைக் கிழித்துவிட்டுக் காட்டினேன். அவர் போனில் படம் எடுத்து எங்கள் ஆட்கள் இருக்கிற குரூப்பில் போட்டுவிட்டார். அங்கிருந்து எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை.

தெருமுனைக் கடைக்காரர் இன்று காலை கண்ணாடியிலிருந்து உங்கள் அட்டவணையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

உனக்கு ஒன்றும் ஆகாதே?

டிரைவர்

*

மார்ச் 19

அட்டவணையின் அடியில் சோதனை மேசையின் எண் இருக்கும். மேலே கிழித்தாய். கீழே பார்க்கவில்லை.

நேற்றுக் காலை அடையாள அட்டையை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தத்தை மீறியவனுக்குச் சான்றிதழ் கிடையாதாம்.

ஒரே ஒரு விஷயம் கேட்டேன். யாரிடமும் காட்டாதே என்று. அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் எழுதாதே.

*

மார்ச் 27

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. மேசை எண்ணைக் கவனிக்காமல் விட்டதற்கு, உன்னைக் கேட்காமல் செய்ததற்கு, என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. காட்டியதற்கு இல்லை. அந்த அக்கா எட்டு வாங்கிவிட்டார். மகன் முகத்தைப் பார்த்தேன்.

அத்தையிடம் சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். பிறகு, "நல்ல காரியம் பண்ணித்தானே வேலை போச்சு? அப்ப தலையைத் தொங்கப் போடாம வரச் சொல்லு" என்றார். ஸ்டூலின் கால் ஆடுகிறதென்று ஆள் கூப்பிட்டு ஆணி அடித்து வைத்திருக்கிறார்.

வந்துவிடேன். காகிதம் அங்கேயே கிடக்கட்டும். படித்ததை அவர்களால் பூட்ட முடியாது. சாயங்காலம் சென்டரிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது, உள்ளே மின்விசிறிச் சத்தம் கேட்கும் என்று இன்னும் காது எதிர்பார்க்கிறது. நீ எதையோ கழற்றிப் போட்டு, தரையெல்லாம் ஸ்குரூ சிதறி, "கால வைக்காத, கால வைக்காத" என்று கத்துவாய். இப்போது தரை சுத்தமாக இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் கால் வைக்கலாம். பிடிக்கவில்லை.

கோபமாகவாவது ஒரு வரி போடு.

டிரைவர்

*

ஏப்ரல் 8

டிரைவருக்கு,

கோபம் பத்து நாள் இருந்தது. அதற்குமேல் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

நான் வரவில்லை. இரு, கிழித்துப் போடாதே.

வெளியே அனுப்பிய மறுநாள், உனக்கு அந்தக் கோபக் கடிதத்தைப் போட்டுவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குத்தான் கிளம்பினேன். கம்பெனி வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பட்டை சார் காரிலிருந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் எனக்காக வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "என்னப்பா, ஊருக்கா?" என்றார்.

"சான்றிதழக் குடுங்க சார், போறேன்."

"அதான் சொல்லிட்டாங்கள்ல?"

"ஏன் சார் தர மாட்டீங்க?"

அவ்வளவுதான் கேட்டேன். ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது. குரல் உடைந்து, கடைசி வார்த்தை கீச்சென்று வந்தது. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். அவர் உள்ளே போனார். நான் பெட்டியை வாசலிலேயே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் என் மேல்கட்டிலுக்குக் கீழ்க்கட்டில்காரன் வந்து உட்கார்ந்தான். பிறகு கிடங்கிலிருந்து இரண்டு பேர். இப்போது பதினோரு பேர் சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அங்கே இருக்கிற அதிகாரி அம்மா மனுவைப் படித்துவிட்டு, "ஒரிஜினலையா வச்சிருக்காங்க? இத்தன நாள் ஏம்பா யாரும் வரல?" என்றார்.  விசாரணை மே மாதம்.

இந்த நேரத்தில் நான் கிளம்பினால் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படிக் கிளம்புகிற ஆள்தான்.

பகலில் ஒரு ரிப்பேர் கடையில் உட்காருகிறேன். மவுஸைப் பிடித்தால் இடது பக்கம் நீ இருக்கிற மாதிரி முழங்கையை ஒடுக்கிக்கொள்கிறேன். கடைக்காரர் இடம்தான் நிறைய இருக்கே, ஏன் இப்படி ஒண்டிக்கிட்டு உக்காருறீங்க என்று கேட்டார்.

எதை வாங்கினாய்? எட்டு என்று எழுதினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். பதினாறு என்று எழுதினால் உன்னைத் தப்பு சொல்ல மாட்டேன்.

கிளீனர்

*

ஏப்ரல் 20

கிளீனருக்கு,

பதினாறு.

ஓர் ஐந்து நிமிஷம் ஏதாவது செய்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

கடைக்காரர் இரண்டையும் டப்பாவோடு மேசையில் வைத்தார். எட்டின் மேல் கை வைத்தேன், சத்தியமாக. அதை வாங்கினால் நீ வந்துவிடுவாய் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. அப்புறம் வாடகை நாற்காலியும், மெஷின் திணறுகிற நேரமும் ஞாபகம் வந்தன. பத்து நிமிஷத்தில் முடிகிற வேலையைப் பதினேழு நிமிஷம் செய்துகொண்டு உனக்காக ஏங்கினால் அந்த ஏழு நிமிஷத்தில் யார் வாழ்வார்கள்? வீடியோ கம்பெனிக்காரன்தான். நீ அங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது நான் இங்கே குனிந்து காத்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து நானே பொருத்தினேன். தரையெல்லாம் ஸ்குரூ. அத்தையிடம் "கால வைக்காதீங்க" என்று கத்தினேன். கத்தியபிறகுதான் அது யார் குரல் என்று தெரிந்தது. அத்தைக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஸ்குரூவையே பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

பிறகு லாரியை எடுத்தேன். ஊருக்குள் போய்ப் பார்த்தேன். நீ சொன்னது அப்படியே சரி. சந்தை முக்கில் படம் பிடித்துக்கொண்டது, முன்னால் போன வண்டியில் போய் இடித்தேன். உன் நிஜ அட்டவணை பொய் சொல்லவில்லை என்று அந்த மோதலில் ஓர் ஆறுதல்.

திரும்பி மலைக்கு வந்துவிட்டேன். அங்கே பதினாறும் வழுக்கிக்கொண்டுதான் ஏறுகிறது. அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து நானும் பார்க்கிறேன் என்று மவுஸைப் பிடித்தார். கண்ணாடியைப் பார்க்கச் சொன்னால் வானத்தைப் பார்க்கிறார். "ரோடத்தான் தினம் பாக்குறோமே, நீ ஓட்டு" என்கிறார். மூன்று வளைவு வானத்தைப் பார்த்தே ஓட்டினேன். பள்ளத்தில் விழவில்லை. ஆனால் பின்னால் என்ன வருகிறதென்று சொல்ல ஆள் இல்லை.

மேலே, அந்தப் பாலத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். நாம் இரண்டு பேரும் இதுவரை தாண்டாத பாலம். காகிதத்தை வாங்கிக்கொண்டு வா. பதினோரு பேருடையதும் கிடைத்த பிறகு வா. ஏன் என்று கேட்டுவிட்டாய் அல்லவா, இனி என்னால் இருக்க முடியும். இருப்பது சுலபம் என்று சொல்லவில்லை.

வந்த பிறகும் நாம் ஊருக்குள் போக வேண்டாம். மலையிலேயே ஓட்டலாம். பாதை நிறைய இருக்கிறது.

ஸ்டூல் ஆடவில்லை. மவுஸை உன் பக்கம் வைத்திருக்கிறேன். துடைக்கும்போதுகூட அங்கேயே வைத்துத் துடைக்கிறேன்.

டிரைவர்